நாற்பத்தேழில் முடியும் எண்

மூன்று முப்பத்தாறு.

கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினாள். கம்ப்யூட்டர் லேபின் பழைய திரையில் சின்ன வட்டம் சுற்றியது. நின்றது.

கடவுச்சொல் சரி.

‘47 என முடியும் கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது.’

அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

மீதி எட்டு எண்களும் அவளுக்கு மனப்பாடம்.

நான்கு மணிக்குள் இசைவாணியின் படிவம் போயாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. இரண்டு வருடமாகப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். அதற்கான அனுமதி. கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பியது மதியம் திரும்பி வந்துவிட்டது. பிடிஎஃபிலேயே தட்டச்சு செய்திருக்க வேண்டுமாம்.

அதற்கான மென்பொருள் இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது; அதன் கணக்கைத் திறக்கத்தான் இந்த ஓடிபி. மற்ற பன்னிரண்டும் எதையும் புதிதாக ஏற்றவிடாது. இணையத்தில் செய்து தரும் தளங்களையெல்லாம் பள்ளி இணைப்பு தடுத்து வைத்திருந்தது. பிரவுசிங் சென்டர் பஸ் ஸ்டாண்டில். போய்ச் சேரவே அரைமணி.

இசைவாணி கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். “முடிஞ்சிட்டா மிஸ்?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

மூன்று நாற்பது.

அந்த எண் பெனடிக்டாவுடையது. முன்பு இந்த லேபைப் பார்த்துக்கொண்டவள். ஒன்பது வருடம் அடுத்தடுத்த மேசை. மதியம் ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு கை.

போன ஜூனில் தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டினார். பெனடிக்டா ஒழுங்காக வகுப்புக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தது. பொய் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் எழுந்து தலைமையாசிரியையை எதிர்த்துப் பேசியவள் பெனடிக்டா. அவ்வளவுதான் விஷயம்.

ஏற்கெனவே ஆறு கையெழுத்து இருந்தது.

ஏழாவதாக இவள் போட்டாள்.

மறுவாரமே மாறுதல் வந்தது. விளாத்திகுளம் தாண்டி ஏதோ ஓர் ஊர். லேப் சாவி இவள் கைக்கு வந்தது.

அதன்பிறகு பேச்சில்லை.

கைபேசியை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள்.

நான்காவது ரிங்கில் குரல் வந்தது.

“சொல்லுங்க டீச்சர்.”

ஒன்பது வருடமும் உரிமையோடு ‘ஏட்டி’ என்று மட்டுமே கூப்பிட்ட வாய்.

“பெனிக்கா... ஒரு ஓடிபி வந்திருக்கும்.”

அந்தப் பக்கம் பிள்ளைகள் கூச்சலிடும் சத்தம். திரையில் நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. இருபது. பத்து. பூஜ்யம்.

அந்த ஓடிபி காலாவதியானது.

“இசைவாணிக்குக்கா,” என்றாள் அவசரமாக. “பரீட்சைக்கு எழுத ஆள் கேக்கணும். நாலு மணிக்குள்ள அனுப்பணும்.”

“அந்தப் பிள்ளைக்கு இன்னுமா பண்ணல?”

அவள் கதவருகே இருந்த ஸ்டூலைப் பார்த்தாள்.

“திரும்ப அனுப்பச் சொல்லுங்க. வெளிய வாரேன், இங்க சிக்னல் சரியில்ல.”

காலடிச் சத்தம். காற்று கைபேசியில் மோதியது.

“எட்டு. ஒன்னு. சைபர். மூணு. ஆறு. ரெண்டு.”

கடைசி எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டாள். திரையில் சிவப்பு எழுத்து. இன்னொரு முறை தவறினால் கணக்கு பூட்டப்படும்.

“தப்பாயிட்டுக்கா.”

“பதறாதீங்க.” பெனடிக்டா மீண்டும் சொன்னாள். ஒவ்வொன்றாக, நின்று நின்று, எழுதப் பழகும் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

திறந்தது.

“அப்படியே செட்டிங்ஸ்ல போயி என் நம்பர எடுத்துட்டு உங்க நம்பரப் போட்டுக்கோங்க. பெறகு எனக்குக் கூப்பிட வேண்டியிருக்காதுல்லா.”

வைத்துவிட்டாள்.

பெயர். பதிவெண். மருத்துவச் சான்றிதழ் எண். ஸ்கேனில் இருந்த தலைமையாசிரியையின் கையெழுத்து, முத்திரை. மூன்று ஐம்பத்தேழுக்குப் படிவம் போய்ச் சேர்ந்தது. ஏற்றுக்கொண்டதாகப் பச்சை வரி ஒன்று வந்தது.

“போயிட்டும்மா.”

இசைவாணி சுவரைத் தடவி எழுந்தாள். “பெனடிக்டா மிஸ்தான பேசுனாங்க? என்னய விசாரிச்சாங்களா?”

“விசாரிச்சாங்க.”

பிள்ளை சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் செட்டிங்ஸைத் திறந்தாள். பழைய எண்ணை நீக்கினாள். தன் எண்ணைப் போட்டாள். சேமித்தாள்.

இனி பெனடிக்டாவைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை.

கூப்பிட்டாள்.

“ஓடிபி எதுவும் வரலியே,” என்றது குரல்.

“அதுக்கு இல்லக்கா.”

லேப் வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார். “என்ன, அனுப்பியாச்சா?”

அவள் தலையசைத்தாள். எழுந்து நின்றாள். கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“அந்தத் தாள்ல நான் போட்ட கையெழுத்து பத்திப் பேசணும்,” என்றாள், இரண்டு பேருக்கும் கேட்கும்படி.