வராத மழைக்கோட்டு

உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது.

பேக்கிங் மேசைக்கு நேர் மேலே கேமரா. கீழே யார் நின்றாலும் தலையும் இரண்டு கைகளும்தான் பதிவாகும். முகம் வராது.

வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு முகம் தேவைப்படவில்லை.

வகிடு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அன்று காலை ஹாஸ்டலில், வேனுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக அந்த வகிட்டை எடுத்துவிட்டது அவள்தான்.

இந்திராணி.

மண்ணில் புதைத்தாகிவிட்டது. திரையில் ஒரு டிபன் பாக்ஸைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீடியோவை நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை இதுதான். பொருள் வரவில்லை என்று வாடிக்கையாளர் புகார் செய்தால், அந்தப் பெட்டியைக் கட்டிய வீடியோவைப் பார்க்க வேண்டும். வைத்திருந்தால் மறுப்பு. வைக்கவில்லை என்றால் புதிதாக ஒன்று. அதோடு புகார் மூடப்படும். மூடியதும் வீடியோ தானாக அழிந்துவிடும்.

புகார் வராத பெட்டிகளின் வீடியோக்கள் எப்போதோ அழிந்துவிட்டன. அந்த நாளில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா என்ற பெண் காலையில் பேசியிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கிறது என்று மகளுக்கு டிபன் பாக்ஸும் நீல மழைக்கோட்டும் வாங்கியவள். கோட்டு வரவில்லை.

"நான் பொய் சொல்லலம்மா. பெட்டியப் பிரிச்சதே எம்பொண்ணுதான். உள்ள கையவிட்டுத் தேடிக்கிட்டே இருந்தா."

அவள் மறுபடியும் வீடியோவை ஓடவிட்டாள்.

இந்திராணியின் கையில் நீல மழைக்கோட்டு. மடிக்கிறாள். பாதி மடிப்பில் கை நிற்கிறது.

வலது கை நெஞ்சுக்குப் போகிறது. இடது கை மேசை விளிம்பைப் பிடிக்கிறது.

வீடியோவில் சத்தம் கிடையாது.

ஓரத்தில் ஒரு ஆண் வருகிறான். கழுத்தில் சூப்பர்வைசருக்கான சிவப்புப் பட்டை. வழுக்கை விழத் தொடங்கிய தலை. டென்சிங்.

இந்திராணி அவனிடம் ஏதோ சொல்கிறாள். நெஞ்சில் இருக்கும் கையை எடுக்கவில்லை. வாசல் பக்கம் காட்டுகிறாள்.

டென்சிங்கின் விரல் பெட்டியைக் காட்டுகிறது. அடுத்து, வரிசையில் நிற்கும் மற்றப் பெட்டிகளை.

போய்விடுகிறான்.

இந்திராணி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள். பிறகு பெட்டியை மூடி டேப் ஒட்டுகிறாள். மழைக்கோட்டு மேசையிலிருந்து சரிந்து கீழே விழுகிறது. அவள் குனியவில்லை.

அன்று சாயங்காலம் ஹாஸ்டல் குளியலறையில்தான் விழுந்தாள். கதவை உடைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஆபீஸில் எல்லோரையும் நிற்கவைத்து மௌன அஞ்சலி. டென்சிங்தான் பேசினான். உடம்பு முடியவில்லை என்று அந்தப் பெண் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இந்திராணியின் அப்பா திருக்கோவிலூரிலிருந்து வந்திருந்தார். ஆம்புலன்ஸில் ஏறப் போனவர் இறங்கி வந்து இவளிடம் கேட்டார்.

"உங்கிட்டயாவது சொல்லுச்சாம்மா?"

"இல்லப்பா."

"வாயத் தொறந்து சொல்ல வேணாமா அது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

மகள்மேல் கோபத்தோடுதான் அவர் வண்டியில் ஏறினார்.

அவள் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் இந்திராணி சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவன் பெட்டியைக் காட்டினான்.

பிரிவு மேலாளர் பின்னால் வந்து நின்றார். அவள் வீடியோவைச் சின்னதாக்கினாள்.

"இன்னுமா தூத்துக்குடி? வெச்சிருக்காங்களா, இல்லையா?"

"வைக்கலை மேடம்."

"அப்போ புதுசு அனுப்பிட்டு மூடும்மா. ஒரு மழைக்கோட்டுக்கு எவ்ளோ நேரம்?"

"சரி மேடம்."

செல்போன் வாசலில் செக்யூரிட்டியிடம் இருக்கிறது. பென்டிரைவ் எடுத்துவர முடியாது. கம்பெனிக்கு வெளியே யாருக்கும் மெயில் போகாது.

புகார் கொடுத்த வாடிக்கையாளருக்கு மட்டும் போகும். ஆதாரம் கேட்டால் வீடியோவின் நகலை இணைக்கலாம்.

ஜெசிந்தா ஆதாரம் கேட்கவில்லை.

கேட்டதாக அவளே குறித்துக்கொண்டாள். வீடியோவை இணைத்தாள். 'உங்கள் பொருள் பெட்டியில் வைக்கப்படவில்லை. நீங்கள் சொன்னது உண்மை' என்று எழுதினாள்.

அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

புதிய மழைக்கோட்டு ஒன்றை அனுப்பச் சொல்லிவிட்டு, புகாரை மூடினாள். திரையில் வீடியோ இருந்த இடம் கறுத்தது.

மறுநாள் மதியம் அழைப்பு வந்தது. தூத்துக்குடி எண்.

"வணக்கம், சொல்லுங்க."

"நேத்துப் பேசுன பிள்ளைதானா?"

"ஆமாங்க. புது கோட்டு அனுப்பியாச்சு. ரெண்டு மூணு நாள்ல வந்துரும்."

"கோட்டு கெடக்கட்டும்மா."

பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். ஜெசிந்தா ஒரு குழந்தையை அந்தப் பக்கம் போய் விளையாடச் சொன்னாள்.

"அந்த வீடியோவப் பாத்தேன். ஒரு தடவ பாத்துட்டு மூடிருவோம்னுதான் தொறந்தேன். ராத்திரி பூரா உறக்கமில்ல." குரல் தணிந்தது. "நெஞ்சப் பிடிச்சிட்டு நின்னுச்சே, அந்தப் பிள்ள. இப்ப எப்பிடிம்மா இருக்கு?"

கண்ணாடி அறைக்குள் டென்சிங் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

இங்கே பேசுவது ஒவ்வொன்றும் பதிவாகும். அவளுக்குத் தெரியும்.

அவள் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, பக்கத்துல பேனா இருக்கா? அவங்க அப்பாவோட நம்பர் சொல்றேன்."