தாய்மாமன் மடி

"புள்ளைய மடியில வச்சிக்கினா வண்டிய எடுக்க மாட்டேன்" என்று டிரைவர் கிறிஸ்துதாஸ் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

இன்றைக்குப் பாப்பாத்தியின் மகளுக்குக் காதுகுத்து. கல்வராயன் மலை மேலே குலதெய்வம் கோயில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தணும். அந்தத் தாய்மாமன், அவள் அண்ணன் கொளஞ்சியப்பன், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

பின்னால் குழந்தைக்கென்று பெல்ட் வைத்த குட்டி சீட் ஒன்று மாட்டியிருந்தது. அதுபோக மீதி இரண்டு பேர் இடம். பாப்பாத்தி, புருஷன் காசிநாதன், மாமியார் ஆயம்மாள் என்று உட்கார மூன்று பேர்.

"அந்தப் பொம்மை சீட்டைக் கழட்டிப் போடுப்பா. புள்ள மாமன் மடியிலயே வரட்டும்" என்றாள் ஆயம்மாள்.

"மலை ரோடும்மா. ஒரு பிரேக் போட்டா மடி தாங்காது. யாராச்சும் ஒருத்தர் பஸ்ல வாங்க."

"யாரை எறங்கச் சொல்ற? பெத்தவங்களையா? மாமனை எறக்கிவிட்டா ஊரே காறித் துப்பும்!"

கொளஞ்சியப்பன் பட்டென்று கதவைத் திறந்து இறங்கினான். குழந்தையைத் தங்கச்சியிடம் கொடுத்தான்.

"தாய்மாமன் மடி ஆவாதுன்னு ஒரு டிரைவர் சொல்றான். நான் கேட்டுக்கினு உக்காந்திருக்கணுமா? நீங்களே போய்க்குங்க!"

"மச்சான், நில்லுங்க!"

காசிநாதன் கத்தியும் திரும்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனையில் மறைந்தான். போனையும் எடுக்கவில்லை.

மேலே சொந்தபந்தம் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் கிளம்பினார்கள். காசிநாதன் முன்னால் ஏறினான்.

"நல்ல அண்ணன்டி உனக்கு. சீர்த்தட்டு இங்க இருக்குது, சீர் செய்றவரு எங்க?" வழியெல்லாம் ஆயம்மாள் வாய் ஓயவில்லை. பாப்பாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமன் வராவிட்டால் யார் மடியில் குத்துவது?

ஒரு வளைவில் குறுக்கே மாடு. பிரேக்!

காசிநாதன் மடியிலிருந்த சீர்த்தட்டு பறந்துபோய் முன்னால் மோதியது. தேங்காய் இரண்டாகப் பிளந்தது. பெல்ட் போட்டிருந்ததால் அவனுக்கு ஒன்றுமில்லை. குட்டி சீட்டில் குழந்தை கைதட்டிச் சிரித்தது.

ஆயம்மாள் குட்டி சீட்டின் பெல்ட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கோயிலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. வெள்ளிமலை போகிற பஸ் வந்து நின்றது. கொளஞ்சியப்பன் இறங்கினான்.

"வந்துட்டாரு ரோஷக்காரரு" என்றாள் ஆயம்மாள்.

அவன் சம்மணம் போட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். காது குத்தியாயிற்று. குழந்தை அழுது ஓய்ந்தது.

அண்ணனைச் சமாதானப்படுத்த மோர் எடுத்துக்கொண்டு போனாள் பாப்பாத்தி. காருக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துதாஸ் குரல் கேட்டது.

"இன்னாண்ணே, நீ சொன்னேன்னு சீட்டையும் மாட்டி, திட்டும் வாங்கிக்கினேன். பஸ்ல வரேன்னு நீயே நல்லபடியா சொல்லிட்டு எறங்கியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா வுடுவாங்களா? மாமனுக்கு மரியாதைன்னு சீட்டைக் கழட்டிட்டு புள்ளைய என் மடியிலதான் வச்சிருப்பாங்க. அத்த வுடு. திரும்பறப்போ இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா கத்து. நான் மறுபடியும் கோவிச்சிக்கினு பஸ் ஏறணும்!"