சாஃப்ட் கழற்றும் முறை

சம்மட்டி சின்னவனின் விரல்களுக்கு ஒரு நூல் தள்ளி விழுந்தது. அவன் பிடித்திருந்த ஸ்பேனர் அதிர, முழங்கை வரை விறுவிறுத்தது.

“கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று கத்தினான். “இன்னொரு தடவை இப்படி அடிச்சே, சாஃப்டோட சேர்த்து உன்னையும் கழட்டி வெச்சிடுவேன்!”

“கழட்டுவடா, கழட்டுவ! நான் செத்தா படகு முழுசா உனக்குத்தானே?” என்றபடி பெரியவன் மறுபடியும் சம்மட்டியை ஓங்கினான்.

படகு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. பெரியவன் ஏதோ ஆத்திரத்தில் அதைப் பாறையில் மோதியதில், எஞ்சினிலிருந்து பின்புற விசிறிவரை செல்லும் இரும்புத் தண்டான சாஃப்ட் வளைந்துபோயிற்று. படகைக் கரையேற்றி, கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தி, பழைய சாஃப்டை உருவிப் புதியதைச் செருக வந்திருந்தார்கள்.

பெரியவன் வரவே தாமதமாகிவிட்டது. வீட்டில் மனைவியோடு சண்டை. அந்தச் சண்டையின் ஐந்து விரல்களும் கன்னத்தில் இன்னும் சிவந்து கிடக்க, அவள் மேலே சுக்கான் அறையின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதற்கென்று இழுத்து வந்தவனும் அவனே.

ஒருவழியாக விசிறியின் நட்டு இளகிக் கழன்றது. விசிறி சுழலாமலிருக்கச் செருகியிருந்த மரக்கட்டையைச் சின்னவன் உருவி எறிந்தான். ஸ்பேனரையும் கீழே போட்டுவிட்டு, ஏணியில் ஏறி எஞ்சின் குழிக்குள் இறங்கினான்.

“விசிறி வெளிய வர்ற வரைக்கும் உள்ள எதையும் தொடாதே! முதல்ல விசிறி, அப்புறம்தான் மத்ததெல்லாம். எத்தனை தடவை சொல்றது, மரமண்டை!” என்று கீழேயிருந்து பெரியவன் கத்தினான்.

மேலேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “இழுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?”

“ஏன், நீ வந்து இழுக்கப் போறியா? போய் வேலையைப் பாரு!”

அவள் தலை மறைந்தது. பெரியவன் விசிறியின் இதழ்களுக்கிடையே இரு கைகளையும் தோள்வரை நுழைத்து, அதைக் கட்டிப்பிடித்து அசைத்து அசைத்து இழுத்தான். கூரிய விளிம்பு கழுத்தை உரசியது.

அப்போது எஞ்சின் உறுமியது. அடுத்த கணமே ‘டொக்’ என்று கியர் விழும் ஓசை கேட்டது.

அந்த ஓசைக்குப் பின் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? கைகளைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். சதை கிழிந்தது, மண்டை முட்டுக்கட்டையில் மோதியது. சேற்றில் கிடந்தபடி தன் கைகளைத் தேடினான். இரண்டும் இருந்தன. எஞ்சின் இரைந்துகொண்டேயிருந்தது, விசிறி மட்டும் ஏனோ அசையவில்லை.

ஏன் என்று யோசிக்க அவனுக்குப் பொறுமை ஏது? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கூண்டுடைத்த கரடிபோல் ஏணியில் பாய்ந்தேறினான். தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பற்றிக் குழியிலிருந்து வெளியே இழுத்தான். முதல் அடி தோளில் இறங்கியது. அடுத்தது வாயில்.

“கூடப் பிறந்தவனையே கூறு போடப் பாத்தியேடா, பாவி!”

சின்னவன் பல்லோடு ரத்தத்தைத் துப்பினான். “உன்னைக் கொல்லணும்னா கப்ளிங்கை எதுக்குண்ணே கழட்டியிருக்கப் போறேன்? எஞ்சினையும் சாஃப்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறதே அதுதானே? நீ வர்றதுக்கு முன்னாடியே பிரிச்சுப் போட்டுட்டேன். திட்டுவியேன்னுதான் சொல்லல. நீ கை விடுற இடம்ணே, எப்படிச் சும்மா விடுவேன்?”

ஓங்கிய ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது. பெரியவன் குழிக்குள் எட்டிப் பார்த்தான். கப்ளிங் இரண்டாகப் பிரிந்திருந்தது. எஞ்சின் பக்கத்துப் பாதி மட்டும் வெறிகொண்டு சுழன்றது. சாஃப்டின் பக்கத்துப் பாதி சாதுவாகக் கிடந்தது.

“அப்போ... ஸ்டார்ட் பண்ணது?”

எஞ்சின் சட்டென்று அடங்கியது. சுக்கான் அறையின் கதவு திறந்தது. துடைக்கும் துணியைக் கையில் சுருட்டியபடி வெளியே வந்தவள் கணவனைப் பார்க்கவில்லை, கொழுந்தனைத்தான் பார்த்தாள்.

“எதுக்குத் தம்பி முன்னாடியே கழட்டினீங்க?”