இரண்டாவது மைக்

"குரல் பழுதில்லை, மூச்சிரைப்புதான் பாட்டை விழுங்குகிறது" என்ற விமர்சனத்தை வாய்விட்டுப் படித்த பிறகுதான், ஒலிப்பதிவாளன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பாட்டக்கா பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசை வரை கேட்ட தொண்டை அது. எழுபது தாண்டி அவர் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பு ஊரை இரண்டாக்கிவிட்டது.

மேளமே இல்லாமல் தனிக்குரலில் நிற்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்று சிலர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மேளமே இல்லாத தொகுப்பின் அட்டையில் 'தாளம்' என்று கணவர் பெயரா, அச்சுப்பிழையைக்கூடப் பார்க்கமாட்டார்களா என்று சிலர் கிண்டலடித்தார்கள்.

மூச்சிரைப்பை மட்டும் இரு தரப்பும் சொல்லிவைத்தாற்போல் சொன்னது.

கணவர் மேளக்காரர். அக்கா ஏறிய மேடையிலெல்லாம் வாசித்தவர். பக்கவாதத்தில் கை விழுந்துவிட்டது. பதிவு நாளில் அவரை மடியில் மேளத்தோடு எதிரே உட்காரவைத்து, அவருக்கும் ஒரு மைக் வைக்கச் சொன்னார் அக்கா. ஏதோ ஆசை என்று இவனும் வைத்தான். அதில் என்ன விழப்போகிறது என்று தனியாகக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அக்காவின் பாட்டைக் கேட்டே இந்தத் தொழிலுக்கு வந்தவன். அவரைக் கிழவி என்று ஒருவன் எழுதினால் இவனுக்குப் பொறுக்காது.

"அடுத்த பதிப்புல மூச்சை மட்டும் தொடச்சு எடுத்துடட்டுமாக்கா?"

"பாட்டுல எதை வேணா வெட்டிக்கோ. மூச்சுல மட்டும் கை வெச்சிடாத."

வீம்பு என்று நினைத்தான். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவருடைய மைக்கை மட்டும் ஓடவிட்டான்.

ஒரு பிசிறு இல்லை. எங்கே மூச்செடுக்கிறார் என்றே தெரியவில்லை.

மேளக்காரரின் மைக்கைத் திறந்தான்.

மேளம் விழவேண்டிய இடத்திலெல்லாம் மூச்சு விழுந்துகொண்டிருந்தது. ஓரிடத்திலும் தப்பவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா ஒவ்வொரு அடியையும் எடுத்திருக்கிறார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் வாய் அடைத்திருக்கும். ஆனால் சொன்னால் மேளக்காரரைப் பாவம் என்பார்கள். அதைவிடத் தனக்கே மூச்சு வாங்குகிறது என்ற பேரை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார் மகராசி.

இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் அவருடைய காலடி கேட்டது.

அவன் எதையும் துடைக்கவில்லை. இரண்டாவது மைக்கின் ஒலியை ஒரு நூல் கூட்டிவைத்தான்.