ஏழாம் அறைச் சுவர்

சர்வாதிகாரியின் சிறையில், ஏழாம் அறைச் சுவருக்கு ஒரே கவலை. கைதிகள் கரண்டிக் காம்பால் கீறிய பெயர்கள் அழிந்துவிடக் கூடாது.

ஆண்டுதோறும் மேலதிகாரி வருமுன் வெள்ளையடிக்கும் மட்டை வந்து பூசிவிட்டுச் சொல்லும்: "உன் ஆட்களை இந்த வருஷமும் தொலைத்துக்கட்டினேன், பார்த்தாயா?"

"பழசைச் சுரண்டாமலா அடிக்கிறீர், அண்ணே?"

"யாருக்கு நேரம்? வெளியே பளிச்சென்றிருந்தால் போதும்."

சுவர் நிம்மதியாக அடுத்தடுத்த பூச்சுகளை வாங்கிக்கொண்டது.

முப்பதாம் வருஷம் ஆட்சி கவிழ்ந்தது. கதவை உடைத்து ஜனங்கள் புகுந்தார்கள். ஒரு பெண் சுவரைத் தட்டினாள். பழசைச் சுரண்டாமல் அடித்த முப்பது பூச்சும் பாளமாக உதிர்ந்தன. கீறல்களுக்குள் மட்டும் சுண்ணாம்பு தங்கி, பெயர்கள் வெள்ளைவெளேரென்று நின்றன.

"இதோ அப்பா பேர்" என்றாள். கூட்டம் எல்லாப் பெயர்களையும் உரக்கப் படித்தது.

மூலையில் கிடந்த மட்டையிடம் சுவர் சொன்னது: "கையெழுத்து பிரமாதம், அண்ணே."