இந்த மாசத்துப் படம்

"இது போன மாசத்துப் படம்லா?"

வெள்ளைச்சாமி அண்ணாச்சி ஸ்கேன் படத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தபடியே கேட்டார். பொன்மணி எட்டிப் பார்த்தாள். மூலையில் பொடி எழுத்தில் கிடக்கிற தேதியைக்கூட முதலாளி பார்ப்பார் என்று யார் கண்டது?

ரங்கநாதன் தெருவில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் கடைக்குள் முண்டிக்கொண்டு வந்தது. சேலைப் பிரிவில் பொன்மணிக்கு இது ஏழாவது வருஷம். ஆறு மாசத்துக்கு முன்னால் வலிப்பு வந்து விழுந்தவளுக்கு, மூளையில் சீழ்க்கட்டி என்றார்கள். மண்ணில் கிடக்கிற ஏதோ கிருமியாம். எங்கேயோ ஒருத்தருக்குத்தான் தலைக்கு ஏறுமாம். வருஷம் முழுக்க மாத்திரை. கட்டி கரைகிறதா என்று பார்க்க மாசாமாசம் ஸ்கேன். அந்தப் படத்தைத் தன்னிடம் காட்ட வேண்டும் என்பது அண்ணாச்சி போட்ட சட்டம்.

சீக்காளி என்று சொல்லித் துரத்த வழி பார்க்கிறார், அவ்வளவுதான் என்று கூட வேலை செய்யும் கீர்த்தி காதில் ஓதிக்கொண்டே இருந்தாள்.

பொன்மணிக்குத் தலைவலி போய் மூணு மாசம் ஆகிறது. மாத்திரை உள்ளே போனாலே குமட்டல். பத்து நாளாக அதைத் தொடவில்லை. டமடமவென்று இடிக்கிற ஸ்கேன் குழாய்க்குள் போய்ப் படுக்கவும் பயம். பழைய படத்தை நீட்டிவிட்டாள்.

"நான் நல்லாத்தான் கீறேன் அண்ணாச்சி."

"நீ சொல்லாத. படம் சொல்லட்டும். எடுத்துட்டு வா, அப்புறம் சேலையத் தொடு."

சேலை எடுக்க வந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேலைய உட்டுத் தூக்கறதுன்னா நேரா சொல்லிடுங்க. இன்னாத்துக்கு இந்த நாடகம்?" என்று பொன்மணி கேட்டே விட்டாள்.

அவர் அடுத்த ஆளுக்கு பில் போட்டார்.

ஆத்திரத்தோடு போனவள் சாயங்காலம் புதுப் படத்தோடு திரும்பினாள். நடையில் வேகமில்லை. பட்டாணியாக வற்றியிருந்த கட்டி மறுபடி நெல்லிக்காய் ஆகியிருந்தது. மாத்திரையை விட்டாயா என்று டாக்டர் படத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார். இன்னும் பத்து நாள் போயிருந்தால் நீ எழுந்திருக்கவே மாட்டாய் என்று திட்டி, ஊசி போட நாளைக்கே வந்து சேரச் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி படத்தைத் தூக்கிப் பிடித்தார். அவள் காட்டுவதற்கு முன்பே அவர் விரல் அந்த இடத்தில் போய் நின்றது.

"ஊசிய முடிச்சுட்டு வா. உன் இடத்துல வேற ஆளப் போட மாட்டேன்."

பொன்மணி அவர் விரலைப் பார்த்தாள். "இதெல்லாம் எங்க கத்துக்கினீங்க அண்ணாச்சி?"

அவர் படத்தை மெதுவாக உறைக்குள் போட்டுக் கொடுத்தார்.

"எம் மூத்தவனுக்குக் காதுச் சீழு தலைக்கு ஏறிட்டு. முதல் படம் பாத்தோம், மாத்திரை தின்னான். ரெண்டாவது படத்துக்குக் கூப்பிட்டப்ப, 'தலைவலிதான் போயிட்டேப்பா, இனிமே எதுக்கு'ன்னான். நான் நம்பிட்டேன்."