கோபுரப் போர்வை

சசிகலாவின் மண்டையில் களிமண்தான் இருக்கிறது என்று காவியா முடிவே கட்டிவிட்டாள்.

"அக்கா, வரிசை முடியற இடத்துல கடைசிக் கண்ணியை மறுபடியும் விட்டுட்டீங்க."

"அய்யோ, விட்டுட்டனா? எங்க?"

"இதோ, இதுக்குள்ளயும் ஊசியை விட்டு எடுக்கணும்னு நேத்தே சொன்னேனே. வரிசைக்கு ஒண்ணு குறைஞ்சா போர்வை எப்படி நேரா வரும்? மேல போகப் போகக் கூம்பிக்கிட்டே போகுது பாருங்க."

சசிகலா கையிலிருந்ததைத் தூக்கிப் பார்த்தாள். கோயில் கோபுரம் மாதிரி இருந்தது.

"பிரிச்சிடட்டுமா கண்ணு?"

"பிரிங்க."

சசிகலா, காவியாவின் கணவன் இளம்பரிதிக்கு அண்ணன் மனைவி. கல்யாணமாகி ஓசூரில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த காவியா, பொங்கலுக்கென்று கடத்தூரில் இருக்கும் புகுந்த வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். வந்த இடத்தில் உதிரம் கண்டுவிட்டது.

தர்மபுரி டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "பிரசவம் வரைக்கும் பயணமே கூடாது. பாத்ரூம் போக மட்டும் எழுந்திருக்கலாம். முக்கியமா, கண்டதை நினைச்சுப் பயப்படக் கூடாது. குழந்தை தங்கறது அதுலதான் இருக்கு."

படுக்கையில் கிடப்பவளுக்குப் பயப்படுவதைத் தவிர வேறென்ன வேலை? காவியா செல்போனைத் தூக்கி வைத்துக்கொண்டு, தங்காமல் போன குழந்தைகளைப் பற்றியே தேடித் தேடிப் படித்தாள். படித்துவிட்டு அழுதாள். அழுதால் குழந்தைக்கு ஆகாதே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சசிகலா குரோஷா ஊசியும் நூலுமாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஹாஸ்டல்ல இருந்தப்ப இதெல்லாம் போடுவேன்னு சொன்னியே. எனக்கும் கத்துக்கொடேன். பொறக்கப் போற புள்ளைக்குப் பெரியம்மா கையால ஒரு போர்வை போடறேன்."

நேரம் காலம் தெரியாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டாள் காவியா. முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? ஊசியை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்த சனி விடவே இல்லை. மாட்டில் பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பி, வீட்டு வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு சசிகலா வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"முதல்ல நீ போட்டுக் காட்டு. பாத்துப் பாத்துப் போட்டுக்கறேன்."

காட்டுவதற்காகப் போட்டுப் போட்டே காவியாவின் போர்வை வளர்ந்தது. சசிகலாவின் கோபுரம் மட்டும் ஏறுவதும் பிரிவதுமாகவே இருந்தது.

நூல் வாங்கி வருவதிலும் அதே லட்சணம்தான். ஒரு தடவைக்கு ஒரு உருண்டைக்கு மேல் வராது. மஞ்சள் வாங்கி வந்தவள் அடுத்த முறை பச்சையோடு வருவாள்.

"மஞ்சள் தீந்து போச்சாம் கண்ணு. கடைக்காரப் புள்ள இதைத்தான் கொடுத்துச்சு."

"சரி விடுங்க. பட்டை பட்டையா மாத்திப் போட்டுட்டாப் போச்சு."

"அடுத்து என்ன கலரு வேணும், சொல்லு."

"ஊதா கிடைக்குமாக்கா?"

இளம்பரிதி போனில் பேசியபோது காவியா முறையிட்டாள். "உங்க அண்ணிக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேங்குதுங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அண்ணி எதையும் மெதுவாத்தான் புடிச்சுக்குவாங்க. பொறுமையாச் சொல்லிக்கொடு."

ஒருநாள் சசிகலா நூலை எப்படியோ தன் வளையலோடு சேர்த்துப் பின்னிவிட்டு, கையை எடுக்க முடியாமல் முழித்தாள். காவியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை விழுந்தது.

"அக்கா, உள்ள இருக்கறதும் உங்களைப் பாத்துச் சிரிக்குது!"

மாம்பழ லாரிகள் வரிசை கட்டும் வைகாசியில், நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று இருந்தது. அந்த வெயிலில் போர்வையைப் போர்த்தவா முடியும்? தொட்டிலில் மெத்தைக்கு மேல் விரித்தார்கள். மஞ்சள், பச்சை, ஊதா என்று பட்டைகளுக்கு நடுவே மகள் தூங்குவதைப் பார்க்கப் பார்க்கக் காவியாவுக்கு மனசு நிறைந்தது.

கடைவீதியில் நூல் கடை வைத்திருக்கும் ஜாஸ்மின் குழந்தையைப் பார்க்க வந்தாள்.

"போர்வை ஜோரா இருக்குங்களே. சசி அக்கா போட்டதுங்களா?"

காவியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா போட்ட லட்சணத்தை நீங்க பாக்கலையே!" என்று அலமாரியிலிருந்து அந்தக் கோபுரத்தை எடுத்துக் காட்டினாள்.

ஜாஸ்மின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதையா? சும்மா வெளாடாதீங்க. என் கடையில தொங்கற போர்வை பூராவும் சசி அக்கா கைவேலைதானுங்க. எனக்கு ஊசி புடிக்கக் கத்துக்கொடுத்ததே அவங்கதான்."

காப்பியோடு வந்த சசிகலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஊசியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து தான் போனை எடுத்து எதையும் தேடவே இல்லை என்பது காவியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா..." என்றாள். கண் நிறைந்தது.

சசிகலா அசடு வழியச் சிரித்தாள்.

"கோச்சுக்காத கண்ணு. நேராப் போட்டே பழகுன கை. தினமும் மறக்காம ஒரு கண்ணியை விடறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துடுச்சு!"